புகையும் எடையும் பக்கவாதமும்

சென்ற திங்கள் விடுதியின் உணவறையில் நிகழ்ந்த ஓர் உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். முதுகலை இரண்டாம் ஆண்டு பயிலும் நண்பர் ஒருவர், நாளொன்றுக்கு எட்டு சிகரெட் புகைப்பவர், "விட்டுவிடலாம்தான், ஆனால் விட்டவன் எல்லாம் பருத்துப் போகிறானே! பருத்தால் இரத்த அழுத்தம் வரும். அழுத்தம் வந்தால் பக்கவாதம் வரும். அதற்கு இதுவே மேல் அல்லவா?" என்றார். சூழ இருந்தோர் பலர் தலையசைத்தனர். நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. பேச இயலவில்லை என்பதே உண்மை. இதே சொற்களை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். கேட்ட இடம் கல்லாறு. சொன்னவர் என் சித்தப்பா.

கல்லாற்றை நம்மில் பலர் அறிவர். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் அது. உருண்டு திரண்ட கற்களின் மேல் தெளிந்த நீர் ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அவ்வாறு பின்னர் வாமனபுரம் ஆற்றோடு கலக்கிறது. மூலிகை மருத்துவத்திற்காக 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்தவர் என்பதை நாளேடு படிப்போர் நினைவு கூர்வர். ஊரைக் கடந்தால் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளைவுகளுக்கு முன்னே, சாலை ஓரத்தில் ஒரு சிறு தேநீர்க் கடை வைத்திருப்பவர் என் தந்தையின் தம்பி. இளமையில் நாகர்கோவிலை விட்டுத் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலை ஏறியவர். வேலை விட்டபின் ஊருக்குத் திரும்பாமல் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார்.

நாளொன்றுக்கு ஒன்றரைக் கட்டு பீடி அவர் கணக்கு. மலைக் குளிருக்கு வேண்டும் என்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை மாதத்தில், யாரும் சொல்லாமலே ஒருநாள் விட்டுவிட்டார். ஆறு திங்களில் 64 கிலோவாக இருந்தவர் 70 கிலோ ஆனார். கன்னத்தில் சதை பிடித்தது. சட்டைப் பித்தான் இழுத்துப் பிடித்தது. ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு திருமணம். பந்தியில் எல்லோரும் இருக்கையில் நான், "சித்தப்பா, மாப்பிள்ளையைவிட நீங்கதான் பூரிச்சிருக்கீங்க, எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டேன். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் பாயசத்தை ஒதுக்கிவிட்டு எழுந்ததை நான் பார்த்தேன்.

தீபாவளிக்குக் கல்லாறு சென்றபோது அவர் காதில் பீடி செருகியிருந்தது. "என்ன செய்ய மக்கா? விட்டா வயிறு ஊதுது. ஊதினா பிரஷர், வாதம்னு எல்லாரும் பயங்காட்டுறான். பழைய சனியனே தேவலை" என்றார். எடையும் மெல்லக் குறைந்தது. அனைவரும் அவரைப் பாராட்டினர். அதற்கு அடுத்த மார்கழியில், காலையில் கடை திறந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கையில், குவளை வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒருபுறம் கோணியது, பேச்சு குழறியது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து, கஷாயம் கொடுக்க முயன்று, நண்பகல் வரை காத்திருந்துவிட்டனர். நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு வரும்போது விளக்கு வைக்கும் நேரம்.

அன்றிரவு அங்கே மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "பீடி எத்தனை?" என்பது. இரண்டாவது, "பிரஷர் பார்த்ததுண்டா?" என்பது. வயிற்றைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. திருமணப் பந்தியில் நான் சொன்ன சொல் அப்போது என்னைக் குத்தியது. பீடியினால்தான் வந்தது என்று ஒருவரை மட்டும் வைத்து எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. அவருக்கு அழுத்தமும் இருந்ததாகப் பின்னர் தெரிந்தது. ஆயினும், எடைக்கு அஞ்சி அவர் எதை விட்டு எதைப் பற்றினார் என்பதை அறிய விரும்பினேன். தமிழ் இலக்கியம் பயில்பவன் மருத்துவம் எழுதலாமா என்று கேட்பீர்கள். மருத்துவக் கல்லூரியில் பயிலும் நண்பர் ஒருவர் நூலகத்தில் ஆய்வேடுகளை எடுத்துத் தந்தார். புரியாத இடங்களை விளக்கினார். கற்றதைக் கற்றவாறே இங்குத் தருகிறேன்.

முதலில் பக்கவாதம் யாதென அறிவோம். மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் அதற்கில்லை. ஆகவே இரத்தம் வரும் வழி அடைபட்டாலோ, குழாய் வெடித்தாலோ, அப்பகுதி சில நிமிடங்களிலேயே வாடத் தொடங்குகிறது. அடைப்பினால் வருவது பெரும்பான்மை. வெடிப்பினால் வருவது சிறுபான்மை, ஆனால் கொடியது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். காலை முதல் மாலை வரை எத்தனை நிமிடங்கள் என்று நான் அன்று கணக்கிட்டுப் பார்த்தேன். அதனை இங்கே எழுத மனமில்லை.

புகை இதில் என்ன செய்கிறது? நான்கு வேலைகள் செய்கிறது என்று நண்பர் சொன்னார். புகையிலுள்ள கரியமில ஓருவாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் எளிதாகக் குருதியின் செம்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடுகிற இரத்தம் ஓடிக்கொண்டேயிருந்தாலும் சுமை குறைந்த வண்டியாக ஓடுகிறது. நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவுபடுத்தி, அழுத்தத்தைத் தற்காலிகமாக ஏற்றுகிறது. இரத்தம் உறைவதற்கான நுண்தட்டுகள் ஒட்டும் தன்மை மிகுந்து, கட்டி பிடிக்கக் காத்திருக்கின்றன. இவை மூன்றும் அன்றாடம் நிகழ்பவை. நான்காவது, ஆண்டுக் கணக்கில் நிகழ்வது: குழாயின் உட்சுவர் புண்பட்டு, அங்கே கொழுப்பு படிந்து, கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் பெருங்குழாய் குறுகிப் போகிறது. ஆற்றில் கல் உருளுவதைக் கண்ட கல்லாற்றுக்காரர்க்கு இதனை விளக்குவது எளிது. முதல் மூன்றும் நீரின் ஓட்டத்தைக் கெடுப்பவை. நான்காவது ஆற்றின் கரையையே அடைத்துக்கொண்டு வருவது.

பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறிது என்று எண்ணுவோர் இன்னும் உளர். சிகரெட்டில் உள்ள புகையிலையில் கால்பங்கு அளவே பீடியில் உள்ளது என்பது மெய். ஆயினும் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். ஆழ்ந்து இழுக்க வேண்டும். அதனால் நிக்கோட்டினும் தாரும் கரியமில ஓருவாயுவும் சிகரெட்டைவிட மிகுதியாகவே உள்ளே செல்கின்றன.

இங்கே தமிழ் மாணவர் என்ற முறையில் ஒரு குறுக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். சங்க நூல்களில் கள்ளும் உண்டு, தேறலும் உண்டு, புகையிலை இல்லை. இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகேயர் வருகைக்குப் பின்னரே இந்நாடு கண்டது. புகைக்கும் இலைக்கு நம்மவர் அழகாகப் 'புகையிலை' என்று பெயரிட்டனர். வந்த விருந்தாளி எவ்வளவு விரைவில் வீட்டுப் பிள்ளை ஆயிற்று என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது' சான்று. மேகத்தையும் கிளியையும் தூதனுப்பிய தமிழ், புகையிலையையும் அனுப்பிற்று! சரி, பாடத்திற்கு வருவோம்.

பக்கவாதத்தைப் பற்றி நம் நகரமே ஒரு பெரும் கணக்கெடுப்பை நடத்தியிருக்கிறது என்பது எனக்கு வியப்பைத் தந்தது. 2005ஆம் ஆண்டில் ஆறு மாத காலம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தார் முன்னின்று, நகரத்தில் சுமார் 7,41,000 பேரும் ஊர்ப்புறத்தில் சுமார் 1,85,000 பேரும் வாழும் பகுதியில், முதன்முறையாகப் பக்கவாதம் கண்டவர் ஒவ்வொருவரையும் பதிந்தனர். பதிவானோர் 541 பேர். 2009இல் வெளியான முடிவின்படி, உலக மக்கள்தொகை அளவுக்கு ஒப்பிட்டுத் திருத்திய விகிதம் இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 135. நகரத்தில் 135, ஊர்ப்புறத்தில் 138. அஃதாவது, மலைக்காற்றும் ஆற்றுநீரும் பக்கவாதத்தைத் தடுப்பதில்லை. மாற்றியமைக்கக் கூடிய காரணம் ஒன்றேனும் உடையோர் பத்தில் ஒன்பது பேர். வேறொரு எண்தான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. 28 நாளுக்குள் இறந்தவர் நகரத்தில் நூற்றுக்கு 24.5, ஊர்ப்புறத்தில் 37.1. நோய் வரும் விகிதம் ஒன்றே; மாளும் விகிதம் வேறு. அந்த இடைவெளியில் தூரமும் உண்டு, தாமதமும் உண்டு என்றே நான் கருதுகிறேன். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட வேண்டும். முகம் கோணுகிறதா, உயர்த்திய கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா: இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணெயைத் தேடாமல் வண்டியைத் தேட வேண்டும். எங்கள் வீட்டார் இதனை அறியாதிருந்தனர், நானும்தான்.

இனி எடைக்கு வருவோம். புகையை விட்டவன் பருக்கிறான் என்பது வெறும் வதந்தியன்று, உண்மை. ஏன்? சுவிட்சர்லாந்தில் 1986இல் நடந்த ஓர் ஆய்வில், புகைப்போரை ஓர் அறையில் இருத்தி அவர்கள் உடல் செலவிடும் ஆற்றலை அளந்தனர். நாளுக்கு 24 சிகரெட் புகைத்த நாளில், புகைக்காத நாளைவிடச் சுமார் 200 கலோரி மிகுதியாகச் செலவாயிற்று. மேலும் நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்துகிறது. அது போனபின் இரண்டும் தலைகீழாகின்றன: செலவு குறைகிறது, பசி கூடுகிறது. மழுங்கியிருந்த நாவும் மூக்கும் விழித்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, வெறுங்கை எதையாவது தேடுகிறது. நம் வளாகத்துச் சாயாக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி அடுக்கியிருக்கிறது! இரண்டு தின்றால் அந்த 200 கலோரிக்கு மேலேயே ஆகிவிடும்.

எவ்வளவு கூடும்? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் பிரெஞ்சு மருத்துவர்கள் முதலானோர் வெளியிட்ட கணக்கு இது. மருந்துத் துணையின்றி விட்டவர்க்கு ஓராண்டு முடிவில் சராசரியாக 4.7 கிலோ கூடுகிறது. முதல் மூன்று திங்களிலேயே அதில் 2.9 கிலோ வந்துவிடுகிறது. பின்னர் ஏற்றம் தணிகிறது. ஆனால் சராசரி என்பது பலரை ஒன்றாகக் கட்டிய மூட்டை. அதனை அவிழ்த்துப் பார்த்தால், நூற்றில் 16 பேருக்கு எடை குறைந்தே இருக்கிறது. 37 பேருக்கு ஐந்து கிலோவுக்குள். 34 பேருக்கு ஐந்து முதல் பத்துக்குள். 13 பேருக்கே பத்துக்கு மேல். என் சித்தப்பாவின் ஆறு கிலோ மிகச் சாதாரணமானது. அன்றே இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கேலி என் வாயில் வந்திராது.

இப்போது நண்பரின் கேள்வி தெளிவாகிறது. ஒரு தட்டில் புகை. மறு தட்டில் ஐந்தாறு கிலோ. எது கனம்?

முதலில் தனித்தனியே நிறுத்துப் பார்த்தோர் உண்டு. இந்தியா உட்பட 22 நாடுகளில் பக்கவாதம் கண்ட 3,000 பேரை, நலமுள்ளோரோடு ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த பேராய்வு ஒன்றின்படி, புகைப்போர்க்கு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு, துல்லியமாகச் சொன்னால் 2.09. வயிறு மிகப் பெருத்தோரை மிகச் சிறுத்தோரோடு ஒப்பிட்டால் 1.65. உயர் அழுத்தம் எல்லாவற்றுக்கும் தலைமை, 2.64. ஆகவே வயிறும் குற்றவாளியே. நண்பர் முற்றிலும் பொய் சொல்லவில்லை. ஆனால் 1.65 என்பது ஐந்து கிலோ கூடியவனைப் பற்றியதன்று. மூன்றில் ஒரு பங்காகப் பிரித்த வரிசையின் கடைசிக்காரரைப் பற்றியது.

அடுத்து, விட்டால் என்ன ஆகிறது என்பது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்ற சிற்றூர் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகின்றனர். அங்கிருந்து 1988இல் வந்த ஆய்வு, விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் பக்கவாத அபாயம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்றும், ஐந்து ஆண்டுகளில் புகைக்காதவர் நிலையை எட்டுகிறது என்றும் கண்டது. புற்றுநோய் அபாயம் போல இஃது நெடுங்காலம் காத்திருக்க வைப்பதன்று. காரணம் மேலே சொன்ன நான்கில் முதல் மூன்று வேலைகளும் புகை நின்றதுமே நிற்கத் தொடங்கிவிடுகின்றன. கரியமில ஓருவாயு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது.

ஆனால் இவர்களுக்கும் எடை கூடியிருக்குமே, அதனைத் தனியே பிரித்தார்களா? இதற்கு விடை கூறும் இரண்டு ஆய்வுகள் 2018இல் வந்தன.

ஒன்று கொரியா நாட்டினது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களின் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்து, தொடர்ந்து புகைப்போர், விட்டு எடை கூடியோர், விட்டு எடை மாறாதோர், விட்டு எடை குறைந்தோர், புகைக்காதோர் என்று பிரித்துப் பார்த்தனர். விட்டு எடை மாறாதோர்க்குத் தொடர்ந்து புகைப்போரைவிடப் பக்கவாதம் நூற்றுக்கு 25 பங்கும், மாரடைப்பு 67 பங்கும் குறைவு. விட்டு எடை கூடியவரை எடை மாறாதவரோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க ஏற்றம் காணப்படவில்லை. ஆசிய மக்கள், ஆண்கள், பக்கவாதத்தைத் தனியே எண்ணியது: மூன்று வகையிலும் நமக்கு நெருங்கிய ஆய்வு இது.

மற்றொன்று அமெரிக்காவினது. செவிலியரும் பிற மருத்துவத் துறையினரும் அடங்கிய மூன்று பெருங்குழுக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. விட்டபின் எடை கூடாதோர்க்கு இதய, இரத்தக்குழாய் நோய்களால் வரும் சாவு, தொடர்ந்து புகைப்போரைவிட நூற்றுக்கு 31 பங்கு குறைவு. ஐந்து கிலோ வரை கூடியோர்க்கு 53 குறைவு. ஐந்து முதல் பத்து வரை கூடியோர்க்கு 75 குறைவு. பத்துக்கு மேல் கூடியோர்க்கும் 67 குறைவு. இதைப் படித்துவிட்டு, பருத்தால் ஆயுள் கூடும் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. எடை கூடாதவருள் ஏற்கெனவே நோயுற்றிருந்தோரும் கலந்திருக்கலாம் அல்லவா? நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பத்து கிலோவுக்கு மேல் பருத்தவனும், புகையை விடாதவனைவிட நல்ல நிலையில் இருக்கிறான்.

அதே ஆய்வில் எதிர்ப்பக்கத்துச் செய்தியும் உண்டு. அதை மறைத்தால் பாடம் நேர்மையாகாது. அண்மையில் விட்டவர்க்கு நீரிழிவு வரும் அபாயம், புகைப்போரைவிடச் சுமார் 22 விழுக்காடு மிகுதி. விட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அது உச்சத்தை அடைந்து பின்னர் படிப்படியாக இறங்குகிறது. ஏற்றத்தின் அளவு, கூடிய எடையின் அளவைப் பொறுத்தது; எடை கூடாதவர்க்கு நீரிழிவு அபாயம் ஏறவில்லை. நம்மவர்க்கு இது வெறும் அடிக்குறிப்பன்று. தென்னிந்தியர்க்கு மெலிந்த உடலிலேயே சர்க்கரை நோய் வருகிறது. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் தாண்டினாலே எச்சரிக்கை என்று ஆசியர்க்குத் தனி அளவு வகுத்திருக்கிறார்கள். நீரிழிவும் பக்கவாதத்தின் வாசல்களில் ஒன்றே. ஆகவே என் முடிபு இது: எடைக்கு அஞ்சிப் புகையை விடாதிருப்பது கணக்குத் தவறு. விட்டபின் எடையைக் கவனியாதிருப்பதும் தவறு, ஆனால் சிறிய தவறு. பின்னர் திருத்திக்கொள்ளக் கூடியது. சித்தப்பா பெரிய தவற்றைக் கொடுத்துச் சிறியதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியவர்; நாங்கள் சிரித்தும் பயமுறுத்தியும் அவரைத் திருப்பி அனுப்பினோம்.

விடுவது எளிதா? எளிதன்று. துணையிருந்தால் எளிதாகும் என்பதற்கும் நம் மாவட்டமே சான்று தருகிறது. தென் கேரளத்தில் நீரிழிவு மருத்துவமனைகள் இரண்டில் புகைக்கும் நோயாளிகள் 224 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மருத்துவரின் அறிவுரையும் ஒரு சிறு ஏடும். மற்றப் பிரிவுக்கு அவற்றோடு, மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். ஆறு திங்கள் கழித்து, முதற் பிரிவில் விட்டிருந்தவர் நூற்றுக்கு 12.5, இரண்டாம் பிரிவில் 51.8. 2013இல் இது வெளியானது. அதே காலத்தில் நம் மாவட்டத்து ஊர்ப்புறங்களில் 928 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஓராண்டு கழித்து விட்டிருந்தோர் அறிவுரை பெற்ற பகுதியில் 14.7, பெறாத பகுதியில் 6.8. எண் சிறிதுதான், ஆனால் இரு மடங்கு. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒருவர் வந்து உட்கார்ந்து பேசியதன் பயன் அது. பந்தியில் பத்துப் பேர் சிரிப்பதற்கும் ஒரு பயன் உண்டென்று எனக்கு இதைப் படித்தபோது தோன்றிற்று.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் தடை செய்தது. இந்தியாவிலேயே முதல் தீர்ப்பு அது. தீர்ப்பளித்த இருவருள் ஒருவர் நீதிபதி ஏ.ஆர். இலட்சுமணன், தேவகோட்டைத் தமிழர். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடத் தடை நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் புகைக்கும் பெரியவர் 2009-10இல் நூற்றுக்கு 13.4 ஆக இருந்து, 2016-17இல் 9.3 ஆகக் குறைந்தனர். கண்ணூரில் 1969இல் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கிய தினேஷ் பீடி நிறுவனமே, பீடிக்குத் தேவை குறைந்ததால் குடைக்கும் உணவுப் பொருளுக்கும் மாறிக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரை நினைத்தால் இதில் மகிழ மட்டும் முடியவில்லை. அஃது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

விட நினைக்கும் விடுதித் தோழர்க்குச் சில சொற்கள். முதல் மூன்று திங்களே எடைக்கும் ஆசைக்கும் கடினமான காலம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் தொடங்காதீர்கள். ஆசை எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்நேரம் கடலையோ, வெள்ளரியோ, சர்க்கரையில்லாத சாயாவோ கையில் இருக்கட்டும். உணவைக் கடுமையாகக் குறைக்கத் தொடங்கினால் பசியும் புகையாசையும் சேர்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும் என்று நண்பர் எச்சரித்தார். அதைவிட நடப்பது மேல். காரியவட்டம் வளாகத்தில் மாலையில் அரை மணி நேரம் நடந்தால், இழந்த 200 கலோரியில் ஒரு பெரும்பகுதி மீண்டுவிடும். நிக்கோட்டின் மெல்லும் பசை மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதனைப் பயன்படுத்தும் காலத்தில் எடையேற்றமும் சற்றுத் தாமதப்படுகிறது. பேச ஆள் வேண்டுமானால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அழுத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள். சித்தப்பாவும் ஐம்பதில் எதற்கு என்றுதான் கேட்டார்.

பூசை விடுமுறையில் கல்லாறு சென்றிருந்தேன். ஆற்றில் நீர் நிறைந்திருந்தது. பொன்முடிக்குச் செல்லும் வண்டிகள் கடை முன் நின்றன. சித்தப்பா ஓராண்டுக்கும் மேலாகப் பீடி தொடவில்லை. வலக்கால் சற்று இழுக்கிறது. தேநீரை ஆற்றுவதற்கு இடக்கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். முன்போல் உயரத் தூக்கி ஆற்ற முடியவில்லை. கடையின் மூலையில் புதிதாக ஓர் எடை எந்திரம். என்னைக் கண்டதும் அதன்மேல் ஏறி நின்று, "69. பாத்துக்கோ மக்கா" என்றார். பேச்சில் குழறல் பெரும்பாலும் போயிருந்தது.

"நல்லா இருக்கீங்க சித்தப்பா" என்றேன்.

"கல்யாணத்துல வேற என்னமோ சொன்ன?"

நான் தலை குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே குவளையை வலக்கையில் பிடித்து, அடியில் இடக்கையைத் தாங்கி, சிந்தாமல் என்னிடம் நீட்டினார்.